கையில் எவ்வளவு இருக்கிறது?

ஒரு படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் நாயகன் கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கலாம். ஒளிப்பதிவு, பின்னணி இசை, இரண்டாம் பாதியின் தொய்வு என்று எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் 'அது சரி, இவன் வீட்டு வாடகை எவ்வளவு, யார் கட்டுகிறார்கள்?' என்று யோசித்துக்கொண்டிருப்பேன். நான்கு நண்பர்கள் எந்நேரமும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தால், அந்த டீக்கு யார் காசு கொடுத்தது என்பது எனக்குப் படம் முடியும்வரை உறுத்தும்.

எனக்குப் பிடித்த படங்களையும் தொடர்களையும் ஒருநாள் வரிசையாக எழுதிப் பார்த்தேன். கலைப்படம், மசாலாப் படம், மெகா சீரியல், ஓடிடித் தொடர் எல்லாம் கலந்து கிடந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு பார்த்தால் அநேகமாக எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து காசு எண்ணுகிறார். அல்லது கடன் கேட்கிறார், அல்லது கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறார். என் ரசனை இவ்வளவுதானா என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

முதலிடம் யோசிக்காமல் 'வீடு' படத்துக்குத்தான். பாலு மகேந்திரா எடுத்து 1988-ல் வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள், சுதா என்கிற வேலைக்குப் போகும் பெண் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள், கதை அவ்வளவுதான். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. ஆனால் நான் பார்த்த எந்தத் துப்பறியும் படத்திலும் இந்த அளவுக்குப் பதற்றப்பட்டதில்லை. கையில் இருக்கும் இரண்டு மனையில் ஒன்றை விற்கிறார்கள். ஆபீஸில் கடன் கேட்கிறாள். பிளான் அப்ரூவலுக்கு அலைகிறாள். காண்டிராக்டர் முன்பணம் கேட்கிறார். மழை வந்து வேலை நிற்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் தேவைப்படும் தொகை அவளிடம் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. வீடு கட்டியவர்களுக்கு இந்தக் 'கொஞ்சம் கூடுதல்' என்னவென்று தெரியும். அஸ்திவாரத்தில் ஆரம்பித்துப் பூச்சுவேலை வரை அது கூடவே வரும், கிரகப்பிரவேசம் முடிந்த பிறகும் போகாது.

காண்டிராக்டர் சிமெண்டை வெளியே தள்ளுகிறார் என்பதை மங்கம்மா என்ற சித்தாள் பெண்தான் துணிந்து போட்டுடைக்கிறாள். அந்த இடத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். படித்தவர்கள் எல்லாரும் மரியாதை பார்த்துக்கொண்டு தயங்கி நிற்கும்போது, தினக்கூலிக்குச் செங்கல் சுமக்கிறவள் பேசுகிறாள். அன்றைய கூலியையே பணயம் வைத்துத்தான் பேசுகிறாள் என்பது நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் அதுவரை படம் நமக்குக் காசின் மதிப்பைச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறது. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய சுவரைத் தடவிப் பார்க்கும் காட்சியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதனால் நான் விடுகிறேன். அர்ச்சனாவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. கொடுத்திருக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

முடிவு ரொம்பக் கொடுமை என்று சொல்கிறவர்கள் உண்டு. இவ்வளவு பழைய படத்தின் முடிவைச் சொன்னால் பாவம் சேராது என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்: வீடு ஏறக்குறைய எழும்பி நிற்கும்போது, குடிநீர் வாரியத்து ஆள் வந்து இந்த நிலம் எங்களுக்காக எடுக்கப்பட்டது என்கிறார். இயக்குநர் வேண்டுமென்றே அழவைக்கிறார் என்று ஒரு நண்பர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் என்று நாம் இன்றைக்கும் எதற்காக வக்கீலிடம் பணம் கட்டி லீகல் ஒப்பீனியன் வாங்குகிறோம்? இந்தப் பயத்தில்தானே. ஒரு மனிதனின் மொத்தச் சேமிப்பும் யாரோ எங்கேயோ எப்போதோ கையெழுத்துப் போட்ட ஒரு தாளில் கரைந்துபோகும் என்பது இந்த ஊரில் மிகையான கற்பனை கிடையாது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒன்று இருக்கிறது, நம் சினிமாவுக்கே உரிய சொத்து: ஒரே பாட்டில் பணக்காரன் ஆவது. 'அண்ணாமலை'யில் பால்காரர் பாட்டு முடிவதற்குள் பெரிய ஓட்டல் முதலாளி. 'சூர்யவம்சம்' படத்தில் 'நட்சத்திர ஜன்னலில்' முடிவதற்குள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் எங்கேயோ போய்விடுகிறார்கள். இதையெல்லாம் பார்த்தால் எனக்குக் கோபம் வர வேண்டும், நியாயப்படி. வருவதில்லை. 'சூர்யவம்சம்' டிவியில் எந்தச் சேனலில் ஓடினாலும் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவேன். காரணம் எனக்கே புரிய நாளாயிற்று: அந்தப் பாட்டுக்கு முன்னால் அவர்களிடம் ஒன்றுமே இல்லை என்பதைப் படம் ஒளிக்கவில்லை. பூஜ்யம் தெளிவாகத் தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் எவ்வளவு வேகமாக ஏறினாலும் எனக்குப் பரவாயில்லை. 'சிவாஜி'யில் எல்லாம் போய் நடுத்தெருவில் நிற்கிறவர் கையில் ஒற்றை ரூபாய் நாணயம் வந்து விழும்போது தியேட்டர் ஏன் அப்படி அலறுகிறது? இருநூறு கோடியை யாராலும் மனதில் பிடிக்க முடியாது. ஒரு ரூபாயைப் பிடிக்க முடியும்.

எனக்கு ஆகாதது இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான். நாயகன் வேலையில்லாதவன் என்பார்கள், ஆனால் அவன் போட்டிருக்கும் ஷூ என் ஒரு மாதத்து மளிகைச் செலவு. மாடியில் ஒற்றை அறை என்பார்கள், அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே மொத்தச் சென்னையும் விளக்கு வெளிச்சத்தில் மின்னும். அந்த மாதிரி மாடிக்கு என்ன அட்வான்ஸ் கேட்பார்கள் என்று ஒரு புரோக்கரிடம் விசாரித்துவிட்டு அல்லவா திரைக்கதை எழுத உட்கார வேண்டும்?

சீரியலுக்கு வருகிறேன். இந்தக் கணக்குப் பார்க்கும் புத்தி எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் பார்ப்பார். பார்ப்பார் என்பதைவிடத் தணிக்கை செய்வார் என்று சொல்லலாம். "பாலுக்குக் காசில்லைன்னு அழறா, கட்டியிருக்கிற புடவையைப் பாரு, அதை வித்தாலே ஒரு மாசத்துப் பால் வரும்." "ராத்திரி படுக்கப் போறப்போ எவடா நெக்லஸ் போட்டுக்கிட்டுப் படுக்கறா, கழுத்து வலிக்காதா?" என்றெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்குப் பெரிய புதிர் 'கம்பெனி'. சீரியலில் எல்லாரும் கம்பெனிக்குப் போகிறார்கள். கம்பெனியை எழுதி வாங்குகிறார்கள், கம்பெனியில் சதி நடக்கிறது, எம்.டி. நாற்காலிக்கு அடிதடி. அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது, ஊறுகாயா உதிரிபாகமா, ஒருத்தரும் சொன்னதில்லை. ஒரு ஃபைல் வரும், கையெழுத்துப் போடுவார்கள், போய்விடும்.

அம்மா இப்படிக் குற்றம் சொல்லாமல் பார்த்த தொடர் 'மெட்டி ஒலி'. திருமுருகன் இயக்கி, சன் டிவியில் 2002-லிருந்து 2005 வரை ஓடியது. அம்மா இல்லாத ஐந்து பெண்களை வைத்துக்கொண்டு ஓர் அப்பா. டெல்லி குமார் அந்த அப்பாவாக வந்து, அடுத்த செலவை நினைத்து ஒரு மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார் பாருங்கள், தமிழ்நாட்டில் பாதி அப்பாக்களின் முகம் அது. கல்யாணம், சீமந்தம், தலைதீபாவளி என்று நாம் சந்தோஷம் என்று பெயர் வைத்திருக்கும் ஒவ்வொன்றும் அந்த வீட்டில் முதலில் ஒரு தொகையாகத்தான் உள்ளே வரும். மாமியார்க்காரி ராஜம் கொடுமைக்காரிதான், ஆனால் அந்தக் கொடுமையும் காற்றிலிருந்து வரவில்லை. சீர் பற்றிய மனத்தாங்கல், அக்கம்பக்கத்தில் கௌரவம், வீட்டில் யார் சம்பாத்தியம் யார் கையில் என்ற போட்டி என்று எல்லாவற்றுக்கும் ஒரு வேர் இருந்தது. 2020-ல் ஊரடங்கு நேரத்தில் அதை மறுபடி போட்டபோது உட்கார்ந்து பார்த்தேன். இழுவை நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஓர் அழுகைக்கு மூன்று பேர் முகத்தைத் தனித்தனியாகக் காட்டும் வழக்கம் அப்போதே வந்துவிட்டது. இருந்தாலும் அந்த வீட்டின் பட்ஜெட் எனக்கு இன்னும் புரிந்தது.

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2018-ல் ஆரம்பித்தபோது பிடித்ததற்கும் இதே காரணம்தான். கூட்டுக்குடும்பத்துக் கதை நமக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே குடும்பம் எதில் சாப்பிடுகிறது என்பது தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது: மளிகைக் கடை. தம்பி ஒருவன் கடைக்கு வராமல் போனால் வியாபாரம் கெடும், கல்லாவில் கை வைத்தால் தெரிந்துவிடும். நாளாக நாளாக அதுவும் மற்ற சீரியல் போல ஆனது தனிக்கதை.

'எதிர்நீச்சல்' பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் வீட்டில் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். திருச்செல்வத்தின் தொடர், 2022-ல் தொடங்கியது. ஆதி குணசேகரனாக மாரிமுத்து 'இந்தாம்மா ஏய்' என்று கூப்பிட்டதை நாடே சொல்லிக்கொண்டு திரிந்தது. அவர் 2023 செப்டம்பரில் இறந்தபோது சொந்தக்காரர் ஒருவர் போனதுபோல எத்தனையோ வீடுகளில் பேசிக்கொண்டார்கள். எல்லாரும் அவர் மிரட்டலைப் பார்த்தார்கள், நான் அந்த நாற்பது சதவீதத்தைப் பார்த்தேன். வீட்டுச் சொத்தில் நாற்பது சதவீதம் அப்பத்தா பெயரில் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஆள், ஊரையே அதட்டுகிறவர், ஒரு கிழவியின் கைநாட்டுக்காக நடுங்குகிறார். படித்துப் பட்டம் வாங்கிய மருமகள்கள் கையில் செலவுக்குக் காசு இல்லாமல் அடுப்படியில் நிற்கிறார்கள், எழுந்து நடக்கவே யோசிக்கும் வயதில் அப்பத்தா கையில் அதிகாரம். ஆணாதிக்கம் என்று மேடை போட்டுப் பேசுவதைவிட, யார் பெயரில் எத்தனை சதவீதம் என்று சொன்னது எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சட்டென்று உறைத்தது. அந்தச் சமயத்தில் எங்கள் அத்தை ஒருவர் வில்லங்கச் சான்று எப்படி எடுப்பது என்று என்னிடம் விசாரித்தார். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றார். மாமா பக்கத்து அறையில் இருந்தார்.

வீட்டுக் கணக்கு என்றால் 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தைத் தாண்டி இன்னும் யாரும் போகவில்லை என்பது என் கட்சி. 1986, விசு, ஏ.வி.எம். வீட்டுக்கு நடுவில் கோடு போடுவதைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒன்று நடக்கிறது: ரகுவரன், பெண்டாட்டி பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பதால் வீட்டுக்குத் தரும் பணத்தைக் குறைத்துக்கொள்கிறார். ஒரு ஆள் சாப்பாடு குறைந்தது அல்லவா, அதனால். யோசித்துப் பார்த்தால் கணக்கில் தப்பே இல்லை! அதுதான் பயங்கரம். வில்லன் மாதிரிச் சிரிக்காமல், கோபமும் படாமல், ஆபீஸில் பேசுவது போலப் பேசுகிறார் ரகுவரன். அவர் பண்ணிய எந்த வில்லன் வேடத்தையும்விட எனக்கு இந்தச் சிதம்பரத்தைப் பார்த்தால்தான் பயம், ஏனென்றால் இவர் மாதிரி ஆட்கள் எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறார்கள், சுற்றுலா போய் வந்ததும் டோல்கேட் ரசீது வரைக்கும் பிரித்து அனுப்புவார்கள்.

பாலசந்தரின் 'பாமா விஜயம்' இன்னும் முந்தி, 1967. பக்கத்து வீட்டுக்கு நடிகை குடிவந்தாள் என்பதற்காக மூன்று மருமகள்களும் வசதி இருப்பதுபோல் காட்டிக்கொள்ளப் போய் மொத்தக் குடும்பமும் கடனில் விழுகிறது. 'வரவு எட்டணா செலவு பத்தணா' பழமொழியாகவே ஆகிவிட்டது, அணாவே பார்க்காத தலைமுறையும் பாடுகிறது. அதே பாலசந்தர் 1980-ல் 'வறுமையின் நிறம் சிவப்பு' எடுத்தார். பசி தாங்காமல் கமல் சாக்கடையில் விழுந்த ஆப்பிளை எடுக்கும் இடத்தில் எனக்கு எப்போதும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தப் படத்தைவிடப் 'பாமா விஜயம்' பெரிய படம் என்பேன். பசியைக் காட்டி மனதைக் கலக்குவதும் கஷ்டம்தான், கடனைக் காட்டிச் சிரிக்கவைப்பது அதைவிடக் கஷ்டம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இந்த இடத்தில் மணிகண்டன் என்ற இயக்குநரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், நடிகர் மணிகண்டன் வேறு, அவரும் பின்னால் வருவார். 'காக்கா முட்டை' 2015-ல் வந்தது. ஒரு பீட்சாவின் விலை 299 ரூபாய். ரயில் பாதையோரம் விழுந்து கிடக்கும் கரியைப் பொறுக்கி விற்கும் இரண்டு பையன்களுக்கு அந்த விலைதான் கதை. ஆரம்பத்திலேயே தொகையைச் சொல்லிவிடுகிறார்கள் பாருங்கள், அதற்கப்புறம் அவர்கள் கையில் வரும் ஒவ்வொரு பத்து ரூபாயையும் நாமும் சேர்ந்து கூட்ட ஆரம்பித்துவிடுகிறோம். தியேட்டரில் என் பக்கத்தில் இருந்தவர் வாய்விட்டே கணக்குச் சொன்னார். முன்னூறு சேர்ந்தும் உள்ளே விடவில்லை, சட்டை சரியில்லை என்று. அப்போது புரிகிறது, விலைப்பட்டியலில் எழுதாத இன்னொரு தொகை இருக்கிறதென்று. இதற்கிடையில் அரசு கொடுத்த இலவச டிவி இரண்டு அந்தக் குடிசைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். ஒன்றுமே சொல்லாமல் கேமரா அதைத் தாண்டிப் போகும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் தேடும் அம்மாவாக ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்ததை இந்தப் பையன்களின் சுட்டித்தனத்தில் நிறையப் பேர் கவனிக்காமல் விட்டார்கள். பையன்களின் கணக்கு முன்னூறில் முடிகிறது, அவள் கணக்கு முடிவதே இல்லை.

அதே இயக்குநர் மணிகண்டன் 2016-ல் எடுத்த 'ஆண்டவன் கட்டளை'யில் ஊரில் கடன் கழுத்தை நெரிக்க, லண்டன் போய்ச் சம்பாதிக்கலாம் என்று விஜய் சேதுபதி சென்னைக்கு வருகிறார். வாடகைக்கு வீடு தேடுவது, புரோக்கர் பேச்சைக் கேட்டுப் பாஸ்போர்ட்டில் இல்லாத பெண்டாட்டி பெயரைப் போடுவது, பிறகு அந்தப் பெயரை நீக்கப் படும் பாடு. புரோக்கரிடம் கொடுத்த பணத்தைவிட, பொய்யைத் திருத்த ஆகும் செலவு ஜாஸ்தி. பாஸ்போர்ட் ஆபீஸுக்கு ஏதோ ஒரு திருத்தத்துக்காகப் போய் நின்றவர்கள் இந்தப் படத்தைச் சிரிப்புப் படம் என்று சொல்ல மாட்டார்கள்.

'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018. லெனின் பாரதி. கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும், அதுதான் ரங்கசாமியின் ஆசை. சேர்த்ததைப் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் சிதறிப்போகும் காட்சியில் நான் அறியாமல் கையை நீட்டிவிட்டேன், பிடிக்கிறாற்போல. ஏலக்காய் என்ன விலை என்று தெரிந்த யாருக்கும் அந்தக் காட்சி வேறு மாதிரிதான் இருக்கும். கடைசியில் தன் நிலமாக இருந்த இடத்திலேயே காற்றாலைக்கு வாட்ச்மேனாக உட்காருகிறார். இசை இளையராஜா. இந்தப் படத்தைப் பார்க்காதவர்களை நான் கொஞ்சம் கட்டாயப்படுத்துவேன், அழைத்து உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னதும் உண்டு. பாதியில் தூங்கியவர்களும் உண்டு.

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'வில் (2010) மறக்கவே முடியாத ஒரு சின்ன ஆள்: ரங்கநாதன் தெருவில் பாழாய்க் கிடக்கும் கழிப்பறையைக் கழுவிச் சுத்தம் செய்து வாசலில் உட்கார்ந்து காசு வாங்க ஆரம்பிக்கிறவர். யாரிடமும் கடன் கேட்கவில்லை, முதலீடு தண்ணீரும் துடைப்பமும். ஒரே பாட்டில் பணக்காரன் ஆகிற எல்லா நாயகர்களையும்விட எனக்கு இவர்மேல் மரியாதை. 'சூரரைப் போற்று' படத்தில் விமானம் பறப்பதெல்லாம் சரி, ஆனால் அப்பா சாகக் கிடக்கிறார், டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை, முன்பின் தெரியாத பயணிகளிடம் சூர்யா கையேந்துகிறார், அந்தக் காட்சியோடு படம் எனக்கு முடிந்துவிட்டது. அதற்குமேல் அவர் கம்பெனி ஆரம்பித்தால் என்ன, ஆரம்பிக்காவிட்டால் என்ன, வாழ்நாள் முழுக்க அவரைத் துரத்தப் போவது அந்தக் கொஞ்சம் ரூபாய்தானே.

வெளிநாட்டுத் தொடர்களில் ஊரே கொண்டாடிய 'பிரேக்கிங் பேட்' எனக்கும் பிடிக்கும், காரணம்தான் வேறு. புற்றுநோய் வந்த வேதியியல் வாத்தியார் இரண்டாவது சீசன் ஆரம்பத்தில் மனக்கணக்குப் போடுகிறார்: பிள்ளைகள் காலேஜ் படிப்பு, வீட்டுக்கடன், குடும்பச் செலவு, விலைவாசி ஏற்றம் எல்லாம் சேர்த்து 7,37,000 டாலர். அது கிடைத்தால் போதைமருந்து காய்ச்சி விற்பதை நிறுத்திவிடலாம். அந்தத் தொகையை நான் நிஜமாகவே ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். எப்போது அதைத் தாண்டுகிறார், தாண்டியும் ஏன் நிறுத்தவில்லை என்பதுதான் என்னைப் பொறுத்தவரை மொத்தத் தொடரும். ஐந்தாவது சீசனில் ஒரு கிடங்கில் கட்டில் அளவுக்கு நோட்டுக் கட்டுகளை அடுக்கிவைத்திருக்கிறாள் மனைவி. எவ்வளவு இருக்கும் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, எண்ண முடியவில்லை. வாத்தியார் அந்த இடத்தில்தான் முழுதாகத் தொலைந்துபோனார் என்று நினைக்கிறேன், துப்பாக்கி எடுத்தபோது கூட இல்லை.

'ஸ்க்விட் கேம்' என்ற கொரியத் தொடரின் முதல் சீசனில் பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்து விளையாட 456 பேர், தலைக்குப் பத்துக் கோடி வொன், யாராவது செத்தால் கண்ணாடி உண்டியலில் பணம் வந்து கொட்டும். பளிச்சென்று இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னைத் தொட்டது கடைசியில், அத்தனை கோடியையும் வென்றவன் அதைத் தொடாமல், பேங்க் மேனேஜரிடமே பத்தாயிரம் வொன் கைமாற்றுக் கேட்கிற இடம். அதற்குப் பிறகு வந்த சீசன்களில் எனக்கு இந்த மாதிரி ஒன்று கிடைக்கவில்லை.

அமெரிக்காவும் கொரியாவும் அவ்வளவு பெரிய தொகையில் சொன்னதை, இந்தியில் 'குல்லக்' என்று ஒரு சின்னத் தொடர் சில்லறையில் சொல்லிவிட்டது. கதை சொல்வதே வீட்டு அலமாரியில் இருக்கும் மண் உண்டியல். மின்வாரிய ஆபீஸில் வேலை பார்க்கும் அப்பா, வாய் ஓயாத அம்மா, இரண்டு பையன்கள், வடநாட்டில் ஏதோ ஒரு சின்ன ஊர். ஒரு எபிசோடுக்குப் பிரச்சினை என்று பெரிதாக எதுவும் இருக்காது. மொழி புரியாவிட்டாலும் சப்டைட்டில் வைத்துப் பாருங்கள், அந்த அம்மா கறிகாய்க்காரரிடம் பேசுவதுபோல் பேசும் ஒருத்தராவது உங்கள் வீட்டில் இருப்பார். இன்னொரு இந்தித் தொடரான 'பஞ்சாயத்'தில் கிராமப் பஞ்சாயத்து செகரட்டரிக்குச் சம்பளம் இருபதாயிரம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள், அதனால்தான் அவன் ஆசைப்பட்டு ஒரு சுழல் நாற்காலி வாங்குவது ஊர்ப் பிரச்சினையாக மாறும்போது நமக்கும் அது பெரிய விஷயமாகிறது.

என் நண்பர் ஒருவர், கடன் வசூல் பிரிவில் வேலை பார்ப்பவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: "நாள் முழுக்க அதைத்தான் பார்க்கிறேன், டிக்கெட் வாங்கி வேற பார்க்கணுமா?" அவருக்கு ஹீரோ ஹெலிகாப்டரிலிருந்து இறங்க வேண்டும், பெட்ரோல் யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது. நியாயம்தான். அவரோடு போய் அந்த மாதிரிப் படங்களையும் விசில் சத்தத்துக்கு நடுவில் பார்த்திருக்கிறேன், ஜாலியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் ஞாபகம் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

அதே நண்பர் 2025 ஜனவரியில் 'குடும்பஸ்தன்' பார்க்க என்னோடு வந்தார். நான் சொன்ன அந்த இன்னொரு மணிகண்டன் நடித்த படம். கோயம்புத்தூர்ப் பையன், வேலை போய்விடுகிறது, வீட்டில் சொல்லாமல் கடன் ஆப்பில் பணம் எடுத்து, அதை அடைக்க இன்னொரு கடன் வாங்கி, மச்சான் குரு சோமசுந்தரத்தின் ஏளனத்தை வேறு தாங்கி. தியேட்டரே சிரித்தது, நண்பர் சிரிக்கவில்லை. "இந்த மாதிரி ஆளுக்குத்தான் நான் தினம் போன் பண்றேன்" என்றார் இடைவேளையில், பாப்கார்ன் வாங்கப் போகிற வழியில். இரண்டாம் பாதி எனக்குக் கொஞ்சம் அவசரமாகத் தெரிந்தது, சிக்கல்களை அடுக்கிக்கொண்டே போய்விட்டு மளமளவென்று அவிழ்த்துவிட்டார்கள். ஆனாலும் கடன் ஆப்பிலிருந்து வரும் அந்தப் போன் மணி அடிக்கும் இடங்களில் சிரிப்பும் வயிற்றைப் பிசைவதும் ஒன்றாக வந்தது, 'பாமா விஜயம்' பார்த்தபோது வந்த அதே உணர்ச்சி.

அதே மாதம் மலையாளத்தில் வந்த 'பொன்மேன்' எனக்கு அதற்கும் மேல். கல்யாணத்துக்கு 25 பவுன் நகையை முன்கூட்டிக் கொடுத்து, மண்டபத்தில் வரும் மொய்ப்பணத்தில் அதை வசூலித்துக்கொள்கிற ஏஜெண்டாக பேசில் ஜோசப். மொய் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, பெண் நகையோடு புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே போய் வாங்க வேண்டும். இப்படி ஒரு தொழில் இருப்பதை வைத்து ஒரு முழுப்படம்! நகையைக் கேட்கிறவனும் பாவம், கழற்ற மறுக்கிறவளும் பாவம். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கடைசிவரை இருந்தேன். மொய் நோட்டைப் பொன்னைப் போலப் பத்திரப்படுத்தும், எழுதின தொகை திரும்பி வராவிட்டால் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தையை முறிக்கும் நம் ஊரிலிருந்து இந்தப் படம் ஏன் வரவில்லை என்று பொறாமையாக இருந்தது. பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்று ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போட்டுப் பணம் திரட்டுகிறார்களே, அதில் இல்லாத கதையா?

இன்னும் ஒன்று பாக்கி. மகளிர் குழுக் கடன். வாரா வாரம் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுகிறார்கள், பைக்கில் ஒரு பையன் வருகிறான், ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து போட வேண்டும். கட்ட முடியாதவள் அன்றைக்குப் பார்த்துக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பாள், அவள் உள்ளே இருப்பது வெளியே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். எங்கள் தெருவில் இதை எப்போதும் பார்க்கலாம், ஒரு படமாக, ஒரு தொடராக இதை முழுசாகச் சொன்னதை நான் இன்னும் பார்க்கவில்லை. யாராவது எடுத்தால் முதல் நாள் போவேன், கடன் வசூல் நண்பரையும் இழுத்துக்கொண்டு. டிக்கெட் காசு அவர்தான் தர வேண்டும், 'குடும்பஸ்தன்' அன்றைக்குக் கொடுத்தது நான்.